புடவைத் தாளில் ஒரு பாடப்புத்தகம்

நேற்று என் தம்பி மகள் தி.நகரிலிருந்து எனக்கு ஒரு புடவை வாங்கி வந்தாள். பெட்டியைத் திறந்து புடவையை என் மடியில் வைத்து, உடல் என்ன நிறம், கரை என்ன நிறம் என்று சொல்லிக்கொண்டே போனாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்குக் கத்தரிப்பூ நிறமும் ஒன்றுதான், மயில்கழுத்தும் ஒன்றுதான். அதை இத்தனை வருடமாக அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் தேடியது வேறு. மடிப்புக்குள் கையை விட்டு, புடவை விறைப்பாக நிற்பதற்காக வைக்கிற அந்தக் கெட்டித் தாளை உருவி முகர்ந்தேன். கஞ்சியும் புதுத் துணியும் கலந்த அதே வாசனை. "அத்தை, அது சும்மா தாள்" என்றாள். அவளுக்குச் சும்மா தாள். நம் இரண்டாம் வருட வரலாற்றுப் புத்தகம் முழுக்க இந்த வாசனைதான் அடித்தது என்று நான் சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? புரியக்கூடிய ஒரே ஆள் நீ. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இதைக் கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். நான் தட்டத் தட்ட அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் எனக்கே படித்துக் காட்டுகிறது. அவள் தமிழ் படிக்கிற அழகைக் கேட்டிருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்கு வாய்த்த முதல் வாசகி நீ. அதனால் அடுத்து யார் வந்து படித்தாலும் குறை சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

கல்லூரி முதல் வருடம் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கு நட்பு காரணமில்லை. ஜன்னலோரம் காலியாக இருந்த இடம் அது ஒன்றுதான் என்று நீயே பிறகு ஒப்புக்கொண்டாய். உட்கார்ந்ததும் என் பிரெயில் சட்டத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். வரிசை வரிசையாகத் துளை போட்ட அந்தத் தகட்டைத் தடவிவிட்டு, "ஏட்டி, இது என்ன, முறுக்கு அச்சா?" என்று கேட்டாய். உஸ்மான் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்தாலும் உங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் திருநெல்வேலிதான் இருந்தது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பேச்சு வெகு நாள் வேடிக்கையாக இருந்தது.

சட்டத்துக்குள் கெட்டித் தாளை வைத்துக் குத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலெழுந்து இடமிருந்து வலமாகப் படிக்க வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். எழுதும்போது ஒரு திசை, படிக்கும்போது ஒரு திசையா என்று அலுத்துக்கொண்டாய். ஆனால் ஆடி பிறப்பதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாய். படிப்பு ஆர்வம் ஒன்றும் இல்லை. வகுப்பில் பேசாமல் பேச ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். மேசைக்கடியில் துண்டுத் தாள் வரும். தடவிப் பார்த்தால், "மிஸ் இன்னைக்கு ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு" என்றிருக்கும். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவேன். மிஸ் என்னைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார்.

அந்த வருடம் எனக்கு நடந்தது உனக்குத் தெரியும். எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் என்பது நம் கல்லூரியில் ஜூலை நடுவில்தான் முடிவாகும். பிறகு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், பிறகு கடையில் சொல்வார்கள், பிறகு புத்தகம் வரும். மற்றவர்களுக்கு அதனால் ஒரு மாதப் படிப்புப் போகும், அவ்வளவுதான். எனக்கோ புத்தகம் கடைக்கு வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். நீ வாசிக்க வாசிக்க நான் குத்தி எழுத வேண்டும். மழைக்காலம் முழுக்க எழுதியும் பாதிப் புத்தகம்கூட முடியவில்லை. பரீட்சையில் பாதிக் கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னேன். அப்பா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தலையைத் தடவி, "இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்மா. அடுத்த வருஷமும் இப்படித்தான்னா நிறுத்திக்கலாம். உன்னைக் கஷ்டப்படுத்தி என்ன ஆகப்போறது?" என்றார். அன்பாகச் சொன்னதால் அதற்கு எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் உன்னிடம் சொன்னபோது நீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மிஸ் வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாய்.

பனகல் பூங்காவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்குச் சித்திரை வெயிலில் என்னை இழுத்துக்கொண்டு போனாய். வரலாறு எடுத்த விசாலாட்சி மிஸ் நமக்கு மோர் கொடுத்தார். அடுத்த வருடத்துக்கு என்ன புத்தகம் மிஸ் என்று நீ கேட்டதும் சிரித்துவிட்டார். கல்லூரி திறக்கட்டும், எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்வோம், எப்போதும் அப்படித்தானே, இப்போது என்ன அவசரம் என்றார். நான் எழுந்துவிட்டேன். என் முழங்கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாய்.

"மிஸ், மத்தவங்களுக்குப் புஸ்தகம் கடையில இருந்து வரும். இவளுக்கு என் கையில இருந்து வரணும். கடைக்காரனுக்கு ஜூலை போதும். எனக்குப் போதாது" என்றாய்.

மிஸ் மோர் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கோபித்துக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து உன் கையில் எதையோ வைத்தார். நீ அதை என் மடிக்கு மாற்றினாய். அவருடைய சொந்தப் புத்தகம், ஓரமெல்லாம் மடிந்திருந்தது. இதுதான் வைப்பதாக இருக்கிறேன், மற்றவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தாய். உனக்குப் பாட வராது என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

அந்தக் கோடையை இப்போது நினைத்தாலும் என் கழுத்தெல்லாம் வியர்க்கிறது. உங்கள் வீட்டு மாடி அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நன்னாரி சர்பத்தை உன் அம்மா கீழேயிருந்து கொடுத்தனுப்பிக்கொண்டே இருப்பார். பிரெயிலுக்கு வேண்டிய கெட்டித் தாளுக்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ கடைக்குப் போய், புடவை மடிப்புகளிலிருந்து தாள்களை உருவி ஒரு கட்டாகக் கொண்டுவந்துவிட்டாய். அந்த வருடம் உங்கள் கடையில் புடவை வாங்கிய பெண்களுக்கெல்லாம் தொய்ந்த புடவைதான் கிடைத்திருக்கும். உன் அப்பா நாலு நாள் சத்தம் போட்டார். ஐந்தாம் நாள் அவரே ஒரு கட்டுத் தாளை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனார்.

நீ குத்துவாய். டக்டக்கென்று அந்தச் சத்தம் மத்தியானம் முழுக்கக் கேட்கும். முடிந்த தாளை என்னிடம் தள்ளுவாய். நான் படித்துப் பார்த்துப் பிழை சொல்வேன். பிழை என்றால் உனக்குப் பொல்லாத கோபம் வரும். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாய். விரலில் கொப்புளம் வந்து உடைந்து, துணி கிழித்துக் கட்டிக்கொண்டு குத்தினாய். போதும் என்றால், "பேசாம இரிட்டி" என்பாய். எனக்காக ஒருத்தி இப்படி உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன். அதை அப்போது உன்னிடம் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால் நீ கேலி செய்திருப்பாய்.

பாடத்துக்கு நடுவில் உன் பேச்சையும் குத்தி வைக்கிற பழக்கம் அந்தக் கோடையில்தான் வந்தது. சாசனம், நிலவரி, நீர்ப்பாசனம் என்று என் விரல் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று, "கீழ மீன் கொழம்பு வாசம் வருது, நீ தின்ன மாட்டியே" என்று ஒரு வரி. பிறகு மறுபடியும் நிலவரி. இதை எடுத்துவிடு என்று நான் சொன்னதே இல்லை.

கல்லூரி திறந்தது. நீ குத்திய தாள்கள் எல்லாம், பாகம் பாகமாகத் தைத்துக் கட்டி, என் வீட்டு அலமாரியில் நின்றன. அப்பா ஒரு நாள் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். அது நம்பிக்கையா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தக் கூத்து. நமக்குப் புத்தகத்தின் பெயரைச் சொன்ன மிஸ், கடைக்குச் சொல்லவில்லை. வழக்கம்போல ஜூலையில்தான் லஸ் முனைக் கடைக்கு ஆள் அனுப்பினார். நீயும் நானும் அங்கே ஒரு தரம் போய்க் கேட்டோம். கடைக்காரர் குரலில் சலிப்புத்தான் இருந்தது. "இன்னாம்மா, அல்லாரும் ஒரே நாள்ல வந்து நின்னா நான் எங்க போவேன்? பங்குனியிலயே ஒரு வார்த்தை சொல்லிருந்தா வரவெச்சிருப்பேன். இப்போ வேற புஸ்தகம் ஒண்ணு கீது, எவ்ளோ வேணும்னாலும் எடுத்துகினு போங்க" என்றார். நாம் திருப்பிக் கொடுத்த மிஸ்ஸின் சொந்தப் பிரதியும் அவரிடம் இல்லை; மாதிரிக்கென்று கடைக்குக் கொடுத்தனுப்பியது எங்கேயோ வெளியூர்க் கடைகளைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே மிஸ் வகுப்பில் அறிவித்தார். வைத்த புத்தகம் கிடைக்கவில்லை, மறு அச்சுப் போட்டு எப்போது வருமோ தெரியாது, அதனால் கடையில் இருக்கிற இன்னொரு புத்தகத்தையே இந்த வருடத்துக்கு வைத்துக்கொள்வோம் என்றார். எல்லோரும் சரி என்றார்கள். அவர்களுக்கு என்ன? எனக்கோ கோடை முழுக்க நீ குத்தியதெல்லாம் வீண். புதுப் புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும், மறுபடியும் பாதியில் நிற்கும், மறுபடியும் பரீட்சை வரும். வீட்டிலே அப்பா காத்திருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட நான் மனதுக்குள் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

பெஞ்சு அசைந்தது. நீ எழுந்து நிற்கிறாய் என்று தெரிந்தது.

"மிஸ், புஸ்தகம் இருக்கு" என்றாய்.

எங்கே இருக்கிறது என்று மிஸ் கேட்டார்.

"இவ கிட்ட இருக்கு. முழுசா இருக்கு. இவ வாசிக்கட்டும், நாங்க எழுதிக்கிடுதோம்."

சொல்லிவிட்டு நீ உட்காரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது, நம்பு. இத்தனை பேர் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறாளே என்று. மிஸ் மேடையிலிருந்து இறங்கி நம் பெஞ்சுக்கு வந்தார். என்னிடம் மெதுவாக, "வாசிக்கிறியாம்மா?" என்று கேட்டார். அது அனுமதி கொடுக்கிற குரலாக இல்லை. கேட்டுக்கொள்கிற குரலாக இருந்தது. அதனால்தான் சரி என்றேன்.

மறுநாளிலிருந்து முதல் பாகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். முதலில் வரிக்கு வரி தடுக்கியது. போகப் போக விரல் ஓடியது, குரலும் கூடவே ஓடியது. என்னைச் சுற்றி அத்தனை பேனாக்களும் தாளில் உரசுகிற சத்தம். அதுவரை வகுப்பில் மற்றவர்கள் வாசிக்க நான் கேட்டிருக்கிறேன். நான் வாசிக்க அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. மெதுவா போ, அந்த வரியைத் திருப்பிச் சொல்லு என்று நாலா பக்கமிருந்தும் என்னைக் கெஞ்சினார்கள். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? உனக்கு மட்டும் தெரியும். "ரொம்பத்தான் மிடுக்கு" என்று அன்றே மேசைக்கடியில் துண்டுத் தாள் வந்தது.

அந்த ராஜா விஷயத்தை மறக்க முடியுமா? நெடுங்காலம் ஆண்ட ஒரு மன்னனின் அத்தியாயம். அவன் திருப்பணிகள், படையெடுப்புகள் என்று கணீரென்று வாசித்துக்கொண்டு போகிறேன். கோடையில் நான் படித்த வரிதான், ஆனால் வேகத்தில் நினைவு வரவில்லை. அதே கணீர்க் குரலில், "ஏட்டி, இந்த ராசா செத்தாத்தான் நான் காப்பி குடிக்கப் போக முடியும், சாகவே மாட்டேங்கான்" என்று வாசித்துவிட்டேன். ஒரு கணம் பேனாக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இரண்டு மூன்று பேர் அதையும் எழுதிவிட்டார்கள். பிறகு வெடித்தது சிரிப்பு. மிஸ் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததாக நீ சொன்னாய். மணி அடித்ததும் உன்னைக் கூப்பிட்டு, "அந்த ராஜா செத்துட்டான், போய்க் காப்பி குடி" என்றார்.

அச்சிட்ட புத்தகம் தீபாவளி கழித்துத்தான் வந்தது. அதற்குள் முக்கால்வாசிப் பாடத்தை என் விரலிலிருந்து எழுதிக்கொண்டுவிட்டார்கள். அந்த வருடம் நான் நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன். அப்பா அதற்குப் பிறகு நிறுத்துகிற பேச்சை எடுக்கவே இல்லை.

நீதான் பரீட்சை எழுதவில்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு கோவில்பட்டி. அதைச் சொல்ல நீ மயிலாப்பூருக்கு வந்தபோது நான் அழுதேன். நீ அழவில்லை. உன் பையிலிருந்து ஒரு கனமான பொருளை எடுத்து என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாய். மூன்றாம் வருடப் புத்தகம். மார்கழியிலேயே மிஸ் தானாக உன்னைக் கூப்பிட்டுக் கொடுத்தாராம், கடைக்கும் சொல்லியாயிற்று என்றாராம். "நீ பயப்படாத. இது என்கூட வருது" என்றாய். புதுப்பெண் சீரோடு பாத்திரம் பண்டம் கொண்டுபோவாள். நீ என் பாடப்புத்தகத்தையும் கொண்டுபோனாய்.

உங்கள் கடைக்கு அங்கிருந்து வரும் துணி மூட்டைக்குள் அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. ஆனால் புள்ளிகள் மாறியிருந்தன. விரலுக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தன. இரண்டாம் கட்டில்தான் காரணம் தெரிந்தது. நடுவில் ஒரு வரி: "அத்தை மத்தியானம் தூங்குதாவ. சத்தம் கேட்டா முழிச்சிருவாவ. அதான் மெதுவா குத்துதேன். விரலுக்குத் தெரியுதா?" தெரிந்தது. அதைப் படித்துவிட்டு அன்று பாடத்தை மேலே படிக்க முடியவில்லை. போகப் போக உன் வரிகள் குறைந்தன. ஒரு கட்டு முழுக்கத் தேடினால் ஒன்றுகூட இருக்காது. வெறும் வரலாறுதான் இருக்கும். கடைசி அத்தியாயத்தின் கடைசித் தாளில் மட்டும் பாடம் முடிந்து ஒரு வரி விட்டு, "முடிஞ்சிட்டு. இனி நீ படி" என்றிருந்தது.

பல வருடம் கழித்து நான் கோவில்பட்டிக்கு வந்தபோது பட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு வருஷப் புஸ்தகத்தையும் ஒரு எழுத்து விடாம குத்தினவ நான், பரிச்சை எழுதினா என்ன எழுதலேன்னா என்ன" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை. உனக்காக நான் யாரிடமும் போய் நிற்கவில்லையே என்று நினைப்பதுண்டு. ஆனால் போய் நிற்க ஒரு வாசல்கூட இருக்கவில்லை.

நானும் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் சக ஆசிரியர்களின் மேசை மேசையாகப் போய் நிற்பேன். அடுத்த வருடத்துக்கு என்ன புத்தகம், கடைக்குச் சொல்லியாயிற்றா? பெயரைச் சொல்லாமல் நகரமாட்டேன். "ராகு காலம் வந்துடுச்சு" என்று என் காதுபடவே கேலி பேசுவார்கள். ஜூன் வரட்டும் என்பார்கள். ஓய்வு பெறும் சமயத்தில் ஓர் இளம் ஆசிரியை, இப்போதுதான் எல்லாம் கணினியிலேயே வந்துவிடுகிறதே மேடம் என்றாள். பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால் பேசுகிற கணினிக்கு அதை வாசிக்கத் தெரியாது, ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகச் சரி செய்ய வேண்டும், அதற்கும் மாதக்கணக்கில் ஆகும் என்றேன். உங்கள் வகுப்பில் யாருக்குப் புத்தகம் கடையிலிருந்து வராது என்று ஜூலையில் தெரிந்து என்ன பயன் என்று கேட்டேன். மறுநாள் காலையில் பெயரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

உன் பாகங்கள் என்னிடம் இருக்கின்றன. பிரெயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. விரல் பட்டுப் பட்டுப் புள்ளி படிந்துவிடும். பரீட்சைக்கென்று திரும்பத் திரும்பப் படித்ததில் பாதிப் பாடம் அப்போதே போய்விட்டது. நீ மெதுவாகக் குத்தி அனுப்பிய தாள்கள்தான் முதலில் மழமழவென்று ஆயின. ராஜா இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் தட்டுப்படவில்லை. மீன் குழம்பும் போய்விட்டது. உன் சாவுச் செய்தி வந்த பிறகு அந்த வரிகளையே தேடித் தேடித் தடவிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் தீர்த்தேன்.

கடைசித் தாள் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்த வரியை அப்போது ஒரே ஒரு தரம் படித்தேன், மறுபடி தொட்டதில்லை. சில மத்தியானங்களில் அதை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ இருக்கிறாய் என்று தெரிகிறது. தொட்டால் தீர்ந்துவிடுவாய் என்று பயமாக இருக்கிறது.